மழைக் காட்சியில் ஒரு வாளி மணல்

நாடக மேடைக்குப் பின்னால் வேலை செய்கிற படிப்புத்தான் படிப்பேன் என்று என் பேத்தி சொன்ன நாளிலிருந்து என் முழங்காலுக்கு ஓய்வில்லை. சூலக்கரையில் ஒரு முகாம், மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி, கிழக்கே கடலோரம் ஒரு கல்லூரி என்று ஒரே கோடையில் என்னை இழுத்துக்கொண்டு அலைந்தாள். அவள் அம்மா, அதாவது என் மகள், பட்டாசு ஆலையில் பெட்டி கட்டுகிறாள். சீசன் ஆர்டர் வந்துவிட்டால் இன்றைக்கு லீவு கேட்டவள் இடத்தில் நாளைக்கு வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். மருமகன் அதே ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். அவர் வண்டியை விட்டு இறங்கினால் ஒரு வேன் பெண்கள் ரோட்டில் நிற்க வேண்டியதுதான். வீட்டில் சும்மா சோறு தின்கிறவள் நான் ஒருத்தி. அதனால் துணைக்கு என்னை அனுப்பினார்கள். துணை என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. பையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டும், யார் என்ன கேட்டாலும் பிள்ளையைப் பேச விட வேண்டும். கடைசி வேலைதான் எனக்குக் கஷ்டம்.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆலையில் திரி செருகினேன். வாய் மட்டும் சும்மா இருக்காது. ஒருமுறை, முதலாளி பேரனுக்குக் காதுகுத்து, மத்தியானம் எல்லாருக்கும் பிரியாணி என்று முந்தின நாள் வேனில் அவிழ்த்துவிட்டேன். மறுநாள் பாதிப் பேர் தூக்குச்சட்டி இல்லாமல் வந்து பசியோடு திரி செருகினார்கள். அதில் என் மகளும் ஒருத்தி. அவளுக்கு அது இன்றைக்கும் மறக்கவில்லை.

பேத்திக்கு இந்தக் கிறுக்கு அம்மன் கோவில் பங்குனிப் பொங்கல் திருவிழாவில் பிடித்தது. ஊரில் நாடகம் போடும்போது நாங்கள் எல்லோரும் ராஜா செத்துவிட்டான் என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருப்போம். இவள் மேடைக்குப் பின்னால் போய், செத்த ராஜா எழுந்து டீ குடிப்பதையும், ஒருத்தர் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு அரண்மனையைக் கழற்றிக் காட்டை மாட்டுவதையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவுக்கு எண்ணெய் டின்னை வெட்டி விளக்கு செய்தாள். ஆலையில் வேண்டாமென்று ஒதுக்கின கலர்த்தாளை அம்மாவிடம் கேட்டு வாங்கி, அந்த விளக்குக்கு முன்னால் கட்டினாள். ஒரு சேலைத் துணி சூரியன் மறைகிற வானமாகிவிட்டது. அது என்னுடைய சேலை என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரியும்.

சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளுக்கு என்ன படிக்கலாம் என்று சொல்ல முகாம் போட்டிருந்தார்கள். ஃபேன் ஓடியும் வெக்கை. எங்கள் முறை வந்தபோது எனக்கு இடுப்பே கழன்றுவிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனுஷன். எனக்கு முதலில் நாற்காலி போடச் சொன்னார்.

"என்னம்மா படிக்கணும்?"

"மேடை வடிவமைப்பு சார். ஒளி, ஒலி எல்லாம் சேர்ந்தது."

"நடிப்பா?"

"நடிக்க மாட்டேன் சார்."

"அப்போ டான்ஸா?"

"ஆட மாட்டேன் சார். செட்டு போடுறது, லைட்டு கட்டுறது, திரை தூக்குறது."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "எல்லாரும் கைதட்டும்போது இவ இருட்டுக்குள்ள நிப்பா சார். அந்தப் படிப்பு."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு விடவில்லை. போனில் தேடி, இன்னொருவரிடம் கேட்டு, இரண்டு கல்லூரியின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஒன்று மதுரைக்கு அந்தப் பக்கம், ஊடகப் படிப்பு, அதில் நாடகமும் ஒரு பாகம். இன்னொன்று கடலோர ஊரில். அங்கே முழுக்க முழுக்க மேடை வேலைதான் படிப்பு.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. மகள் வேலைக் களைப்போடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். மருமகன் அப்போதுதான் வேனைக் கழுவிவிட்டு வந்திருந்தார்.

"ரெண்டாவது காலேஜுல என்னட்டி சொல்லிக் குடுக்காக?" என்றாள் மகள்.

பேத்தி பெருமையாக அடுக்கினாள். "பலகை அறுக்குறது, ஆணி அடிக்கிறது, கயிறு கட்டுறது, வெல்டிங், பெயிண்டு, தையல். எல்லாமே கையால பண்ணணும்மா. எல்லாத்துக்கும் மார்க்கு உண்டு."

மகளுடைய கை தட்டில் அப்படியே நின்றது. "கையால பண்றதுக்குப் பட்டம் வேற குடுக்காகளா? எனக்கு ஒருத்தரும் குடுக்கலையே."

"சிவகாசிலேயே பிரிண்டிங் படிக்கச் சொல்லு" என்றார் மருமகன். "காலண்டர் கம்பெனில வேலை. காலைல நானே வேன்ல கொண்டுபோய் விட்டுருவேன்."

"உங்க வேன்ல போறதுக்கு எதுக்குப்பா படிக்கணும்?"

மருமகன் எழுந்து வெளியே போய்விட்டார். அவரைப் போல ரோசக்காரர் கிடையாது. திரும்பி வந்து மறுசோறு வாங்கிக்கொண்டார் என்பது வேறு.

முதலில் மதுரைப் பக்கத்துக் கல்லூரிக்குப் போனோம். இரண்டு பஸ் மாறி, ஒரு மைல் நடை. கட்டடம் கண்ணாடி மாதிரி இருந்தது. என் முகத்தை நானே தரையில் பார்த்தேன், பார்க்கச் சகிக்கவில்லை. கோட்டு போட்ட ஒரு பெண் எங்களை அரங்கத்துக்குக் கூட்டிப்போனாள். மெத்து மெத்தென்று நாற்காலி. நான் உட்கார்ந்தவள் எழவே யோசித்தேன். பேத்தி மேலே பார்த்தபடி நின்றாள். கூரையில் வரிசையாக விளக்குகள் தொங்கின.

"இந்த லைட்டை எல்லாம் நாங்களே ஏத்தி இறக்குவோமா மேடம்?"

"அதுக்கெல்லாம் வெளியிலேருந்து ஆள் வருவாங்கம்மா. நீங்க கஷ்டப்பட வேண்டாம்."

"செட்டு செய்யிற பட்டறை?"

"இருக்கு. மூணாம் வருஷத்துல காட்டுவாங்க."

கதவு பூட்டியிருந்தது. பேத்தி ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருந்தது. ஆனாலும் அவள் மார்க்கைப் பார்த்து இடம் கொடுத்துவிட்டார்கள். சேருகிறோமா இல்லையா என்று இன்ன நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் போனில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு என்றார்கள். அந்த நாள்தான் கடலோரக் கல்லூரியில் நேர்முகம் வைத்திருந்தார்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் மகள் வேனுக்கு நின்றபடியே என்னிடம் வந்தாள். தலை கூடச் சரியாகச் சீவவில்லை.

"எம்மா, நீ பேசினா அவ கேப்பா. அங்கன போய் ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, இது சரிவராதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துரு. மதுரைக் காலேஜுல சேரட்டும்."

"ஏன், அது என்ன கொறஞ்சு போச்சு?"

"கொறையைச் சொல்லலம்மா. நீ கையால வேல பாத்த. நான் பாக்கேன். ராத்திரி படுத்தா இந்த ரெண்டு தோளும் எனக்குச் சொந்தமில்ல. அவளாவது ஒரு நாற்காலில உக்காந்து வேல பாக்கட்டும். படிச்சுட்டும் சுத்தியல் தூக்கணுமாக்கும்?"

வேன் ஹாரன் அடித்தது. "சரி" என்றேன். அவள் ஓடினாள்.

சாயங்காலம் பேத்தி துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். "அம்மாச்சி, நீங்க எம் பக்கம்தான?"

"உம் பக்கம்தான்."

"அம்மா ஒங்கள்ட்ட ஏதும் சொன்னாகளா?"

"முறுக்கு வாங்கிட்டு வரச் சொன்னா."

இரண்டு பேருக்கும் சரி சொல்லியாயிற்று. எனக்கு அதில் ஒன்றும் கூச்சமில்லை. எப்படியும் யாரோ ஒருத்தியை ஏமாற்றத்தான் போகிறேன், அது யார் என்று போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மனசுக்குள் மகள் பக்கம்தான் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்திருந்தேன். அவள் தோளைப் பற்றிச் சொன்னது என் தோளுக்கும் பொருந்தியது.

ரயிலில் உட்கார்ந்தபடியே தூங்கி, காலையில் அந்த ஊரில் இறங்கும்போது காலில் வீக்கம். பொதுக் குழாயில் முகம் கழுவி, இட்லி தின்று, கல்லூரிக்குப் போனால், முதலில் கண்ணில் பட்டது ஒரு பெண் ஏணி மேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்ததுதான். பேன்ட் முழுக்க பெயிண்ட். வேர்வை சொட்டுகிறது. கீழே இரண்டு பையன்கள் பலகை அறுத்தார்கள். தரை முழுக்கத் தூள். ஆலையில் சிப்டு முடிந்து வருகிற பெண்கள் மாதிரி எல்லார் முகத்திலும் ஒரே களைப்பு. இது சரிவராது என்று சொல்ல எனக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை.

"பாத்தியா" என்றேன். "ஒங்க அம்மா தேவலாம் போல. அவளுக்காச்சும் உக்காந்து வேல."

பேத்தி ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேர்முகத்துக்கு முன்னால், வந்திருக்கிற பிள்ளைகளுக்கு வேலை எப்படி நடக்கிறதென்று காட்ட ஒரு சின்னக் காட்சி போடுவோம் என்று ஒரு ஆசிரியை சொன்னார். குட்டை முடி, காதில் பென்சில். பிள்ளைகளை எல்லாம் மேடைக்குள்ளே பக்கத்திரைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். கூட வந்த எங்களை முன்னால் அரங்கத்தில் உட்காரச் சொன்னார்கள். சின்ன அரங்கம், மர பெஞ்சுகள். நான் வழக்கம்போல் கதவுக்கு மிக அருகில் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆலையில் வேலை பார்த்தவர்கள் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் முதலில் கதவு எங்கே என்றுதான் பார்ப்போம். பந்தி எங்கே என்பது அதற்குப் பிறகு. கதவுக்குப் பக்கத்தில் சிவப்பு வாளிகளில் மணல் வைத்துக் கொக்கியில் மாட்டியிருந்தார்கள். பார்த்ததும் நம் ஊரில் இருக்கிற மாதிரி ஒரு நிம்மதி.

விளக்கு அணைந்தது. இரண்டு பேர் மேடையில் வந்து ஏதோ பேசினார்கள். ரயிலில் தூங்காத கண், எனக்குச் சொக்கியது. தலை ஆடி ஆடிச் சரிந்தபோது, ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. அடுத்த நொடி மடார் என்று ஒரு சத்தம், நெஞ்சுக்குள் அடித்த மாதிரி. கண்ணைத் திறந்தேன். பேத்தி நிற்கிற பக்கத்திரைக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. கொக்கியிலிருந்து வாளியைக் கழற்றினது தெரியும். முழங்கால் வலி அன்றைக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே ஓடி, நான்கு படி ஏறி, திரையை விலக்கி, புகை வருகிற இடத்தில் வாளியைக் கவிழ்த்தேன். அங்கே ஒரு பெட்டி இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு ஒரு பையன் இருந்தான். மணல் இரண்டு பேருக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்தது.

"ஏலே ஓடு! எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்தினேன். பேத்தியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

யாரும் ஓடவில்லை. அரங்கத்தில் யாரோ கைதட்டினார்கள். காட்சியில் நானும் ஒரு ஆள் என்று நினைத்துவிட்டார்கள். பிறகு விளக்கு எரிந்தது. கையில் வெறும் வாளியோடு மேடையில் நிற்கிறேன். ஒரு பெண் பெரிய தகரத் தகடு ஒன்றைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள். அவள் அதை உலுக்கினதுதான் இடி. பளிச்சென்றது மின்னல். பெட்டியில் இருந்து வந்தது மழை மேகம். அது மழைக் காட்சி.

மணல் அபிஷேகம் வாங்கின பையன் எழுந்து தும்மினான். "பாட்டி, எங்க ஊர்ல தண்ணி ஊத்துவாங்க" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த ஆசிரியை சிரிக்கவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்து, கம்பியைப் பிடுங்கினார். "ஓடாது. கழட்டணும்" என்றார்.

பேத்தி என் கையை உதறிவிட்டு வெளியே போனாள்.

பின்பக்கம் குழாயடியில் நின்றாள். நான் போய்ச் சேர நேரமாயிற்று. முழங்கால் வலி திரும்பி வந்துவிட்டது.

"ஏத்தா..." என்றேன்.

"பேசாதீக."

"நான் என்னட்டி..."

"வேணும்னே பண்ணீக. அம்மா சொல்லி அனுப்பினாக. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளா? வேனுக்கு நிக்கும்போது அம்மா பேசினது ஜன்னல் வழியா எனக்குக் கேட்டுச்சு. நீங்க சரின்னீக. சாயந்திரம் என்கிட்டயும் சரின்னீக."

"அது வேற. இது நெசமாவே பயந்துட்டேன்."

"நீங்க என்னைக்கு நெசம் சொன்னீக அம்மாச்சி? பிரியாணின்னு சொல்லி அம்புட்டுப் பேரையும் பட்டினி போட்டீக. இப்ப என்னைக் கோமாளியாக்கிட்டீக. இனிமே உள்ள போயி நான் எப்படி அவுக மூஞ்சில முழிப்பேன்?"

நிஜமாகவே பயந்தேன் என்று இன்னொரு தடவை சொன்னாலும் அது பொய் மாதிரியே இருக்கும் என்று எனக்கே தெரிந்தது. குழாய் மேடையில் உட்கார்ந்தேன். சேலை முந்தியில் மணல். காலி வாளியை இன்னும் கையில் பிடித்திருந்தேன், காலடியில் இறக்கி வைத்தேன்.

அவள் வாளியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"புகையைக் கண்டா திரும்பிப் பாக்காம ஓடணும்னு நீங்கதான சொல்வீக. எடுக்காத, தூக்காத, ஆளைக் கூப்பிடாத, கதவைப் பாத்து ஓடுன்னு. கதவு ஒங்க பக்கத்துலதான இருந்துச்சு. ஏன் உள்ள வந்தீக?"

ஆலையில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது ஒன்றுதான். முப்பது வருஷத்தில் இரண்டு முறை நான் அப்படி ஓடியிருக்கிறேன், யாரையும் திரும்பிப் பார்க்காமல். இரண்டு முறையும் பிழைத்தேன். அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

"வாளி கனமா இருந்துச்சு. எறக்கி வைக்க எடம் தேடி வந்தேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. குழாயைத் திறந்து கையில் தண்ணீர் பிடித்து என் முழங்கையில் ஒட்டியிருந்த மணலைக் கழுவினாள். பிறகு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன், வேறு எங்கே போவது.

மேடையில் ஒரு பழைய துணியை விரித்து அந்தப் புகை மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஆசிரியையும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து திருகு கழற்றிக்கொண்டிருந்தார். பேத்தி அவருக்கு எதிரில் போய் உட்கார்ந்து, கேட்காமலேயே ஒரு பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்து மெஷின் குழாய்க்குள் இருந்த மணலைத் தட்டினாள்.

"எந்த ஊரும்மா நீங்க?" என்று ஆசிரியை என்னைக் கேட்டார்.

"சிவகாசிப் பக்கம்."

திருகாணியைக் கீழே வைத்தார். மணல் பையனைப் பார்த்தார். "காட்சிக்கு முன்னாடி புகை வரும், சத்தம் வரும்னு சொன்னியா?"

"மறந்துட்டேன் மேடம்."

"அவங்க மேல தப்பில்ல. நம்ம மேலதான்."

நான் இதுவரை வேலை பார்த்த இடத்தில் மேற்பார்வைக்கு நிற்கிறவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது.

நேர்முகம் என்று தனி அறைக்குக் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். பேத்திக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. "இந்தக் காட்சிய நீ போட்டா எப்படிப் போடுவ?" என்று கேட்டார் ஆசிரியை, திருகைக் கழற்றிக்கொண்டே.

"புகை வேணாம் மேடம்."

"மழைக்கு முன்னாடி மேகம் இறங்க வேண்டாமா?"

"எங்க ஊருல போட்டீகன்னா புகையைப் பாத்ததும் பாதி சனம் எந்திரிச்சு ஓடிரும். மீதிப் பேர் மண்ணள்ளி எறிவாக." என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். "தகரச் சத்தத்தை மொதல்ல தூரத்துல லேசா விடலாம். கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வரலாம். அப்புறம் வெளிச்சத்தை நீலமாக்கி, காட்சில வர்ற அம்மா காயப்போட்ட துணியை ஓடி ஓடி எடுக்குறமாதிரி வச்சா போதும். மழை வரப்போவுதுன்னு தெரிஞ்சிரும்."

"நீலம் பழசு. எல்லாரும் பண்றது."

"அப்போ மஞ்சள். எங்க பக்கம் மழைக்கு முன்னாடி வானம் மஞ்சளாத்தான் மேடம் இருக்கும்."

"அது எப்படி?"

இவள் சொன்னாள். அவர் மறுத்தார். இவள் மறுபடி சொன்னாள். தகரம் ஆட்டின பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். மணல் பையனும் நடுவில் ஏதோ சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். எல்லார் கையும் அழுக்கு, மணல் பிரஷ்ஷில் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஒரு துணியை எந்தப் பக்கமிருந்து எடுக்க வேண்டும் என்பதற்கு அரை மணி நேரம் சண்டை. ஆசிரியை காதிலிருந்த பென்சிலை எடுத்து அவள் சொன்னதை அட்டையில் எழுதிக்கொண்டார்.

நான் கதவோரப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் எத்தனை லட்சம் திரி செருகியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இதை இப்படிச் செருகினால் என்ன என்று என்னை யாரும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லலாம் என்றே தோன்றினதில்லை. மகளுக்கும் அப்படித்தான். தோள் வலி தோள் வலிதான், அது இவளுக்கும் வரும். அதை மறைக்க முடியாது. ஆனால் இவளுடைய கை என்ன செய்ய வேண்டும் என்று இங்கே இவளிடமே கேட்கிறார்கள். மகளிடம் இதை எப்படி விளக்குவது என்று யோசித்துக் களைத்துப்போய்க் கொஞ்சம் தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது மற்ற பிள்ளைகளின் நேர்முகமும் முடிந்து, இடம் கிடைத்தவர்கள் பெயர் எழுதின தாளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பேத்தி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எடம் கெடச்சிருச்சு அம்மாச்சி."

"ம்."

"அஞ்சு மணிக்குள்ள மதுரைக் காலேஜுக்குச் சொல்லணும். அங்கன சேர்றேன்னு சொன்னா அம்மாவுக்குச் சந்தோசம்." நகத்துக்குள் இருந்த மணலைத் தோண்டினாள். "நீங்க என்ன சொல்றீக?"

"என் பேச்சை நம்புவியா?"

"நம்ப மாட்டேன். சும்மா கேட்டேன்."

"அப்ப நீயே சொல்லு. ஓம் படிப்பு, ஓம் வாயால சொல்லு."

அவள் போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். தூரத்திலிருந்து பார்த்தேன். போனைக் காதில் வைத்தபடி முதுகை நிமிர்த்தி நின்றாள். ரொம்ப நேரம் பேசவில்லை. திரும்பி வரும்போது முகத்தில் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்கப்போகிறவள் மாதிரி இருந்தாள்.

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"சரி. அந்தப் போனை இங்கன குடு. ஒங்க அம்மாவுக்கு நான் பேசுறேன்."

"நானே பேசுறேன் அம்மாச்சி."

"சரின்னு சொன்னது நான். நானே பேசுறேன்."

மகள் வேனில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம், பாட்டு, மருமகன் அடிக்கிற ஹாரன்.

"என்னம்மா, பாத்தாச்சா? சரிவராதுன்னு சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"சரிவரும் போல இருக்கு."

வேனில் யாரோ எதற்கோ சிரித்தார்கள், அது என் மகள் இல்லை.

"சுத்தியல் தூக்குறாகளா?"

"தூக்குறாக. பொம்பளப் பிள்ளைகளும் தூக்குறாக. மேலுக்கு வலிக்கத்தான் செய்யும், பொய் சொல்லல."

"அப்புறம் எதுக்கும்மா?"

"வந்து சொல்றேன். போன்ல வராது."

"என்னையும் ஏமாத்திட்ட, இல்ல?"

"ஆமா."

இதற்கு முன்னால் ஆயிரம் தடவை அவளை ஏமாற்றியிருக்கிறேன். ஒரு தடவையும் ஒத்துக்கொண்டதில்லை. மகள், "சாப்பிட்டீகளா ரெண்டு பேரும்?" என்றாள்.

"இனிமேதான்."

"ஆஸ்டல்ல என்ன சோறு போடுவாகன்னு கேட்டியா?"

"கேக்கல. கேட்டுச் சொல்றேன்."

"கேளு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

போனைப் பேத்தியிடம் கொடுத்தேன். அவள் அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு கையை ஊன்றி எழுந்தேன். முழங்கால் இரண்டும் கழன்றுவிடும் போல் இருந்தது. ஏணிப் பெண் அந்தப் பக்கம் போனாள். அவளை நிறுத்தி, ஆஸ்டல் சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று கேட்டேன்.